கூடுதுறைக்கு அப்பால் இருக்கும் பவானி

கொங்கு நாட்டில் யாராவது பவானிக்குப் போய் வருவதாகச் சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் யாருக்குத் திதி என்றுதான் விசாரிப்பார். ஈரோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரியும் பவானி ஆறும் கலக்கும் முனையில் இருக்கும் இந்தச் சிறிய ஊர், வெளியூர்க்காரர்களின் நினைவில் ஒரு படித்துறையாகவே தங்கிவிட்டது. அஸ்தி கரைக்க வருகிறார்கள், தர்ப்பணம் கொடுக்கிறார்கள், முழுக்குப் போட்டுவிட்டுச் சங்கமேசுவரரைக் கும்பிட்டு, மதியத்துக்குள் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அந்தப் படித்துறைக்குப் பின்னால் தறிக்குழிகளில் இறங்கி உட்கார்ந்து வேலை செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையோ, எதிர்க்கரையில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு வெட்டிய வாய்க்கால் ஒன்று இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது என்பதையோ அவர்களில் பலர் அறிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போகிறது. எனக்கு மிகவும் நெருக்கமான ஊர் என்பதால், பவானியை, ஆறுகள் கூடும் அந்தப் படித்துறையான கூடுதுறையோடு நிறுத்திவிடாமல் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஊரின் கிடப்பைச் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையிலிருந்து தெற்கு நோக்கி இறங்கிவரும் காவிரி ஊருக்குக் கிழக்கே ஓடுகிறது. நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று, மீண்டும் தமிழகத்துக்குள் நுழைந்து, பவானிசாகர் அணையில் தேங்கி, கொடிவேரி அணைக்கட்டைத் தாண்டி வரும் பவானி ஆறு மேற்கிலிருந்து வந்து சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் கூர்மையாக நீளும் நிலத்தின் நுனியில் கோயில், அதற்குப் பின்னால் ஊர். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் இங்கே கலப்பதாக நம்பி, தென்னாட்டின் திரிவேணி சங்கமம் என்று இந்த இடத்தைப் போற்றுகிறார்கள். நம்பிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இரண்டு ஆறுகளும் தங்கள் குணத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதைக் கரையில் நின்றால் அறியலாம். மேட்டூரில் உபரிநீர் திறந்துவிட்ட நாள்களில் காவிரி செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு வரும்; அதே நேரத்தில் பவானி ஆறு தெளிந்த நீரோடு அடங்கி வந்து, கலந்த பின்னும் சற்றுத் தூரம் வரை தன் கரையோரத்தை ஒட்டியே போகும்.

சங்கமேசுவரர் கோயிலுக்குத் தேவாரத்தில் திருநணா என்று பெயர். கொங்கு நாட்டின் ஏழு பாடல் பெற்ற தலங்களில் ஒன்றான இதைச் சம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. அம்பிகை வேதநாயகி; தலமரம் இலந்தை. அதே வளாகத்துக்குள் ஆதிகேசவப் பெருமாளுக்கும் சன்னதி உண்டு என்பதால், சைவர்களும் வைணவர்களும் ஒரே வாசல் வழியாக நுழைந்து தத்தம் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். தாரமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட கெட்டி முதலிகள் இங்கே திருப்பணி செய்திருக்கிறார்கள்.

இந்தக் கோயிலில் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது, வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் அம்பிகைக்குக் கொடுத்த தந்தக் கட்டில்தான். கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், கொங்கு நாட்டைக் கைப்பற்றிய 1799-ஆம் ஆண்டுக்குப் பிறகு, சில ஆண்டுகள் வட கோயம்புத்தூர் மாவட்டத்தின் தலைமையிடமாகப் பவானி இருந்தது. தாராபுரம் தென் மாவட்டத்தின் தலைமையிடம். கலெக்டராக இருந்த வில்லியம் காரோ, ஒரு மழையிரவில் தம் மாளிகையில் உறங்கிக்கொண்டிருந்தபோது, சிறுமி ஒருத்தி வந்து எழுப்பி வெளியே அழைத்துச் சென்றதாகவும், அவர் வெளியேறியதும் மாளிகை இடிந்து விழுந்ததாகவும், வந்தவள் வேதநாயகியே என்று அவர் உணர்ந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். கோயிலுக்குள் நுழைய அக்காலத்தில் அவருக்கு அனுமதி இல்லாததால், மதிலில் மூன்று துளைகள் இட்டு, அவற்றின் வழியாக அம்பிகையைத் தரிசித்தாராம். கதையை நம்புவதும் நம்பாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். அவர் கையெழுத்தோடு 1804 என்று ஆண்டு பொறித்த கட்டிலைக் கோயிலில் இன்றும் பாதுகாக்கிறார்கள். பின்னர் இரு மாவட்டங்களும் ஒன்றாகி, கோயம்புத்தூர் தலைமையிடமானது. கலெக்டர் அலுவலகம் இங்கேயே நிலைத்திருந்தால் பவானி என்னவாகியிருக்கும் என்று நான் சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு. ரயில் பாதையும் இவ்வூருக்கு வரவில்லை. ரயிலுக்கு ஈரோடுதான் போக வேண்டும். அதனால்தானோ என்னவோ, ஊர் தன் பழைய தெருக்களின் அளவை விட்டு அதிகம் விரியாமல் இருக்கிறது.

கூடுதுறைக்கு வருகிறவர்கள் தங்கள் துக்கத்தோடு வருவதால், அங்கே வேலை செய்கிறவர்களைக் கவனிப்பதில்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் விடியும் முன்பே அந்தத் துறையில் ஒரு சிற்றூரே எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. புரோகிதர்கள் தங்கள் மணைகளைப் போட்டு, எள்ளையும் தர்ப்பையையும் பச்சரிசி மாவையும் எடுத்து வைக்கிறார்கள். மொட்டை அடிப்பவர்கள் ஒருபுறம், மண்கலயமும் வாழையிலையும் பூவும் விற்கும் பெண்கள் ஒருபுறம், பரிசல்காரர்கள் ஒருபுறம். இறந்தவரின் பெயரையும் கோத்திரத்தையும் கேட்டு மந்திரம் சொல்லும் ஒரு முதியவர், எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் தன் தந்தையின் பெயரைச் சொல்ல முடியாமல் தடுமாறியபோது, அவசரப்படுத்தாமல் அவன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த குடும்பம் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தது. நாள்தோறும் அடுத்தவர் துயரத்துக்கு நடுவே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு மனம் மரத்துப்போகும் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே நான் கண்டது பெரும்பாலும் பொறுமையைத்தான். கொரோனா காலத்தில், 2020-இலும் 2021-இலும், கூடுதுறையில் நீராடுவதற்கும் சடங்குகளுக்கும் தடை விதிக்கப்பட்டபோது, இவர்கள் எல்லோருக்கும் வருமானம் அடியோடு நின்றுபோனது. ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்று நாள்களில் வரும் கூட்டத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் ஆண்டுக் கணக்குப் போடுகின்றன என்பதால், அந்த இழப்பு எளிதில் ஈடாகவில்லை.

வருகிறவர்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். சடங்கு முடிந்ததும் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அந்தத் துணிகள் கரைவதில்லை. படிக்கட்டில் சிக்கி, பின்னால் நீராட வருகிறவர்களின் காலில் சுற்றிக்கொள்கின்றன. அவற்றைக் கொக்கி போட்டு இழுத்துக் கரையேற்றுவது நகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் தினசரி வேலையாகிவிட்டது. முன்னோரின் பெயரால் ஒருவர் விட்டுச் செல்லும் துணியை வேறொருவர் இடுப்பளவு நீரில் நின்று எடுக்க வேண்டியிருப்பது எந்த வகையில் புண்ணியம் என்று எனக்கு விளங்கவில்லை.

கூடுதுறைக்குச் சாவு முகம் மட்டுமே உண்டு என்று எண்ணுகிறவர்கள் ஆடிப்பெருக்கன்று வர வேண்டும். ஆடி 18-ஆம் நாள் அதிகாலையிலிருந்தே புதுமணத் தம்பதியர் வந்து குவிவார்கள். ஆற்றங்கரையில் ஏழு கூழாங்கற்களைச் சப்த கன்னியராக எடுத்து வைத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, காதோலையும் கருகமணியும் படைத்து, தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். முளைப்பாரியைத் தண்ணீரில் விடும் சிறுமிகள், அது கவிழாமல் எவ்வளவு தூரம் போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முந்தின நாள் பிண்டம் கரைத்த அதே படியில் மறுநாள் கல்யாணப் பெண்ணின் தாலிக் கயிறு மாறுவதை யாரும் அபசகுனமாக நினைப்பதில்லை. மாசியில் செல்லியாண்டியம்மன் திருவிழா வரும்போது ஊரின் முகம் வேறாகிவிடும். உடலெங்கும் சேறு பூசிக்கொண்டும், விதவிதமான வேடங்கள் இட்டுக்கொண்டும் ஆண்கள் ஊர்வலமாக வர, நேர்ந்துகொண்டவர்கள் காய்களையும் பழங்களையும் கூட்டத்தின் மீது சூறை விடுவார்கள். அந்தக் கோயிலில் விழாவின்போது பொதுமக்களே கருவறைக்குள் போய்த் தங்கள் கையால் அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஈரச் சேலையோடு குடம் தூக்கி வரிசையில் நிற்கும் பெண்களின் முகத்தில் தெரியும் உரிமை வேறு எந்தக் கோயில் வாசலிலும் நான் கண்டதில்லை.

ஆறு எப்போதும் இவ்வளவு இணக்கமாக நடந்துகொள்வதில்லை. மேட்டூர் நிரம்பி, நொடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்ட 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும், கந்தன்பட்டறை போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. இத்தகைய நாள்களில் வருவாய்த் துறையினர் ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டு போவார்கள். மக்கள் பாத்திரம், ரேஷன் அட்டை, பள்ளிக்கூடப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் போய்ச் சேருவார்கள். தறிக்குழியில் தண்ணீர் இறங்கிவிட்டால் அது வற்றி, குழி காய்ந்து, மறுபடி தறியில் பாவு என்னும் நீள நூலை ஏற்றுவதற்குள் பல நாள் கூலி போய்விடும். கரையோரத்திலிருந்து வேறிடத்துக்குப் போய்விடலாமே என்று கேட்டால், போகும் இடத்தில் வேலை இல்லையே என்கிறார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. தறி இருக்கும் இடத்தில்தான் அவர்களுக்குச் சோறு.

ஆற்றை மனிதர் வசப்படுத்திய கதை எதிர்க்கரையில் இருக்கிறது. கூடுதுறைக்குச் சற்று மேலே, பவானி ஆற்றின் குறுக்கே, 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டிய அணைக்கட்டும், அதிலிருந்து புறப்படும் காலிங்கராயன் வாய்க்காலும் கொங்கு வேளாண்மையின் பெருஞ்சாதனைகள். பாண்டியருக்குக் கீழ் அதிகாரியாக இருந்த காலிங்கராயன், 1283 அளவில் வேலையை முடித்தார் என்பது மரபு. வாய்க்கால் நேர்க்கோட்டில் போகாது. தெற்கே ஈரோட்டைத் தொட்டு, கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்தே போகும். பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டியதால் அப்படி வளைகிறது என்று ஊரார் சொல்வார்கள். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணாலும் காலாலும் அளந்து, ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வாய்க்கால் அப்படித்தான் வளையும் என்பது என் எண்ணம். வழியெல்லாம் மஞ்சளும் கரும்பும் வாழையும் நெல்லும் அதன் தண்ணீரில் விளைகின்றன. புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்குப் பின்னால் இந்த வாய்க்காலின் ஈரம் இருக்கிறது. அணைக்கட்டின் அருகே காலிங்கராயனுக்கு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். தைப்பொங்கலை ஒட்டி உழவர்கள் அங்கே வந்து மரியாதை செய்கிறார்கள். வாய்க்கால் ஈரோட்டை நெருங்கும் பகுதியில் தோல், சாய ஆலைகளின் கழிவு அதில் கலந்ததும், அதைத் தனியே பிரித்துக் கொண்டுபோகப் பக்கத்திலேயே இன்னொரு கால்வாய் வெட்ட நேர்ந்ததும் நம் தலைமுறையின் பங்களிப்பு என்பது வருத்தத்துக்குரியது.

இனி ஜமக்காளத்துக்கு வருகிறேன். பவானியின் பெயரைத் தாங்கி வெளியூர்களுக்குப் போகும் ஒரே பொருள் அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத் துணிகள் வந்து கைத்தறியை நெருக்கிய காலத்தில், இங்கே இருந்த ஜங்கமர் என்னும் வீரசைவ மரபு நெசவாளர்கள், முரட்டு நூலில் பல வண்ணப் பட்டைகள் இட்ட விரிப்புகளை நெய்யத் தொடங்கினார்கள். சேலையிலும் வேட்டியிலும் ஆலையோடு மோத முடியாது என்று கண்டு, அதனால் செய்ய இயலாத ஒன்றுக்கு மாறியது கூர்மையான முடிவு. காலப்போக்கில் பிற சமூகத்தாரும் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்பதற்கு நெசவுதான் காரணம். 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தறியை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்த வேலையின் கடுமை தெரியும். வீட்டின் முன்னறையில் தரையைத் தோண்டிய குழி. அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிபலகையை மிதித்தபடி நெய்ய வேண்டும். அகலமான ஜமக்காளம் என்றால் ஒருவரின் கை மறுகரைக்கு எட்டாது. ஆகவே இருவர் அருகருகே உட்காருகிறார்கள். பெரும்பாலும் கணவனும் மனைவியும், அல்லது நெடுங்காலம் ஒன்றாக வேலை செய்து பழகிய இருவர். ஒருவர் குறுக்கே ஓடும் ஊடை நூலைப் பாவுக்குள் பாதி தூரம் செலுத்த, மற்றவர் அதை வாங்கி மறுகரைக்குக் கொண்டுபோகிறார். இருவரின் காலும் ஒரே நேரத்தில் மிதிக்க, நூலை நெருக்கும் பன்னையை இருவரும் சேர்ந்து அடிக்கிறார்கள். ஒருவர் பலமாகவும் மற்றவர் மெதுவாகவும் அடித்தால் பட்டை ஒருபுறம் நெருங்கி, மறுபுறம் தளர்ந்து, கோடு சாய்ந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்த தம்பதியர் பேசிக்கொள்ளவே இல்லை. சிவப்புப் பட்டை முடிந்து பச்சை தொடங்க வேண்டிய இடம் வந்ததும் இருவரின் கையும் ஒரே கணத்தில் நின்றன. அந்த அம்மா பக்கத்துக் கூடையிலிருந்து பச்சை நூல் சுற்றிய தாரை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் மிதி, அடி. எத்தனை இழைக்கு ஒரு நிறம் என்ற கணக்கு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கேட்டபோது, அது காலுக்கே தெரியும் என்பதுபோல் சிரித்தார்கள்.

நம் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் ஜமக்காளம் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் விரிப்பார்கள். பஞ்சாயத்து பேசுகிறவர்களும், கச்சேரி கேட்கிறவர்களும், துக்கம் விசாரிக்க வருகிறவர்களும் அதில்தான் உட்காருவார்கள். திருமணச் சீர்வரிசையில் ஒன்றாவது இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகு தரையில் உட்காரும் பழக்கமே குறைந்துவிட்டது. விரிப்பின் தேவையும் அதோடு குறைந்தது. இது காலத்தின் மாற்றம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விசைத்தறி ஜமக்காளம் வந்த கதையை அப்படி விட்டுவிட முடியாது. கைத்தறிக்கு மட்டுமே உரிய பொருள்கள் எவை என்று வரையறுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லியும், விசைத்தறியில் நெய்த விரிப்புகள் பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே விற்பனைக்கு வருகின்றன. இருவர் நாள் முழுவதும் அமர்ந்து நெய்வதை எந்திரம் விரைவில் முடித்துவிடும்போது, விலையில் எப்படிப் போட்டியிட முடியும்?

விளைவு கண்முன் தெரிகிறது. தறியில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து குமாரபாளையத்து விசைத்தறிக்கோ, ஈரோட்டுக்கோ, திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ போகிறார்கள். குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம், பவானி ஈரோடு மாவட்டம் என்றாலும், இரு கரையிலும் உறவுமுறை பின்னிக் கிடப்பதால் அதைப் பிள்ளைகள் வெளியூராக நினைப்பதில்லை. தன் மகன் தறியில் உட்கார வேண்டாம் என்றே தானும் விரும்பியதாக ஒரு நெசவாளர் என்னிடம் சொன்னார். இந்தக் கலை அழிந்துவிடுமே என்று வருந்த நமக்கு எளிது. முழங்காலும் முதுகும் தேய்ந்துபோனவரிடம் போய், உங்கள் மகனும் இதையே செய்யட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலி உயராத வரை எந்தக் குறியீடும் எந்தப் பாராட்டும் ஒரு புதிய ஆளைத் தறிக்குழிக்குள் இறக்காது.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. 2023-இல் லண்டன் ஃபேஷன் வீக் மேடையில், தமிழகத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஒருவர் பவானி ஜமக்காளத்தைக் கொண்டு செய்தவற்றைக் காட்சிப்படுத்தியபோது, இவ்வூர் நெசவாளர் ஒருவரும் அந்த மேடையில் நடந்தார். ஜமக்காளத் துணியில் பைகளும் மெத்தை உறைகளும் யோகா விரிப்புகளும் செய்து விற்பவர்கள் பெருகி வருகிறார்கள். இந்த முயற்சிகளின் லாபத்தில் எவ்வளவு தறிக்குழி வரை இறங்குகிறது என்பதைத்தான் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு, சாயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜமக்காளத்தின் அழகே அதன் அடர்ந்த சிவப்பும் பச்சையும் நீலமும்தான். ஆனால் இப்பகுதியில் அனுமதியின்றி இயங்கும் சாயப்பட்டறைகள் கழிவை ஆற்றில் விடுவதும், அதிகாரிகள் வந்து இடிப்பதும், வேறிடத்தில் அவை முளைப்பதும் பல்லாண்டாக நடந்துவருகிறது. முறையாகச் சுத்திகரித்துத் தொழில் செய்வோரின் செலவு கூடுகிறது. குறுக்குவழியில் போகிறவரின் சரக்கு மலிவாகிறது. இரண்டு ஆற்றையும் கும்பிடுகிற ஊரில் இது நடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கூடுதுறைக்கு வரும் வேலை உங்களுக்கு இருந்தால், திரும்பும் பேருந்தை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பாலத்தைக் கடந்து காலிங்கராயன் அணைக்கட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜமக்காளம் வாங்குவதென்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, நெய்கிறவர்களிடமே நேராகவோ வாங்குங்கள்; கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல ஜமக்காளம் கையில் எடுத்தால் கனமாக இருக்கும், இரு பக்கமும் ஒன்றுபோல் விரிக்கலாம், ஓரம் பிரியாது. விலை கூடுதலாகத் தோன்றினால், அதை நெய்ய இருவர் வேண்டும் என்பதை எண்ணி, பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.